தொழிற்சாலை செய்யாத வண்டி

ஒரு பொருளின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதனைச் செய்து விற்ற நிறுவனத்தின் வரலாற்றையே எழுதி முடித்துவிடுவர். யார் தொடங்கினார், எந்த ஆண்டில் எத்தனை செய்தனர், என்று கதவடைத்தனர் என்பனவே ஏடுகளில் நிற்கும். வாங்கியவன் அப்பொருளை என்ன செய்தான், எவ்வாறு பழுது பார்த்தான், எவ்வாறு மாற்றியமைத்தான் என்பன ஏட்டில் ஏறுவதில்லை. அங்ஙனம் ஏட்டில் ஏறாத வரலாற்றுக்கு அரியதொரு சான்று இங்கிலாந்து நாட்டில் உண்டு. அது ஒரு மோட்டார் சைக்கிள். டிரைட்டன் என்பது அதன் பெயர். 1950-களிலும் 1960-களிலும் அந்நாட்டுச் சாலைகளில் மிக விரைந்து சென்ற வண்டிகளுள் ஒன்றாக அது விளங்கிற்று. ஆயினும் எந்தப் பெரிய தொழிற்சாலையின் விலைப்பட்டியலிலும் அது இடம்பெற்றதில்லை.

டிரையம்ப் என்னும் நிறுவனத்தின் இயந்திரத்தையும் நார்ட்டன் என்னும் நிறுவனத்தின் சட்டகத்தையும் கொண்டு, வண்டி ஓட்டிய இளைஞர்கள் தாமே கூட்டிச் செய்தது அது. டிரையம்பின் தலையும் நார்ட்டனின் வாலும் சேர்ந்து டிரைட்டன் ஆயிற்று. நிலைமொழியின் பின்பகுதியும் வருமொழியின் முன்பகுதியும் கெட்டுப் புணர்ந்த இச்சொல்லுக்கு நன்னூலில் விதி தேடும் மாணவர் ஏமாறுவர். வின்சென்ட் இயந்திரத்தை நார்ட்டன் சட்டகத்தில் பொருத்தி நார்வின் என்றும், டிரையம்ப் இயந்திரத்தைப் பி.எஸ்.ஏ. சட்டகத்தில் பொருத்தி டிரிப்சா என்றும் வேறு சில கலப்புகளும் தோன்றின. அவற்றுள் பெயர் நிலைத்தது டிரைட்டனே.

இரு போட்டி நிறுவனங்களின் உறுப்புகளை ஒன்றுசேர்க்க வேண்டிய தேவை ஏன் எழுந்தது? முதலில் சட்டகத்தின் கதையைக் காண்போம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நார்ட்டன் நிறுவனத்தின் பந்தய வண்டிகள் வலிமை மிக்க இயந்திரத்தைப் பெற்றிருந்தன. ஆனால், தோட்டக்கதவு என்று கேலியாக அழைக்கப்பட்ட அவற்றின் பழைய சட்டகம் கரடுமுரடான பந்தயப் பாதைகளின் அதிர்வைத் தாங்காது அடிக்கடி விரிசல் கண்டது. அக்குறையைத் தீர்த்தவர் வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரைச் சேர்ந்த ரெக்ஸ் மெக்கேண்ட்லஸ் என்பார். முறையான பொறியியல் கல்வி பெறாதவர். கைப்பழக்கத்தாலும் கூர்ந்த நோக்காலும் கற்றவர். அவர் வகுத்த சட்டகம் காண்பதற்கு எளிது. இரண்டு எஃகுக் குழாய்கள். ஒவ்வொன்றும் வளைந்து ஏறத்தாழ நாற்கோண வளையமாகி, முன்புறம் கைப்பிடி திரும்பும் தலைப்பகுதியில் மேற்குழாயும் கீழ்க்குழாயும் ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து பற்றவைக்கப்பட்டிருக்கும். இவ்விரு வளையங்களுக்கு நடுவே, தொட்டிலிற் குழந்தைபோல, இயந்திரம் அமரும். பின்சக்கரம் கீல்பொருந்திய ஒரு கவையில் நின்று, எண்ணெய் நிறைந்த இரண்டு அதிர்வடக்கிகளின் துணையோடு மேலும் கீழும் அசையும்.

1950-ஆம் ஆண்டு மேன் தீவுப் பந்தயத்தில் 500 சி.சி., 350 சி.சி. ஆகிய இரு பெரும் போட்டிகளிலும் முதல் மூன்று இடங்களை நார்ட்டன் வண்டிகளே வென்றன. பெரிய போட்டியில் முதலில் வந்தவர் ஜெஃப் டியூக். புதிய சட்டகத்தை ஓட்டிப் பார்த்த ஹரால்டு டேனியல் என்னும் வீரர் இறகு மெத்தையின் மேல் அமர்ந்திருப்பது போன்றது அது என்று கூறினாராம். இறகுமெத்தை என்பதே அச்சட்டகத்தின் பெயராக நிலைத்துவிட்டது. சில ஆண்டுகளில் டாமினேட்டர் என்னும் சாலை வண்டிகளுக்கும் இவ்வமைப்பே வந்தது. வளைவுகளில் எவ்வளவு சாய்த்தாலும் தடுமாறாத வண்டி என்னும் பெயர் நார்ட்டனுக்கு உரியதாயிற்று.

இனி, இயந்திரம். 1937-இல் எட்வர்டு டர்னர் வடிவமைத்த டிரையம்ப் ஸ்பீடு ட்வின், அருகருகே நிற்கும் இரண்டு சிலிண்டர்களைக் கொண்ட 500 சி.சி. வண்டி. அக்காலத்தில் ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளே மிகுதி. டர்னரின் இயந்திரமோ எடையில் குறைவு, ஓட்டத்தில் மென்மை, விலையிலும் எட்டக்கூடியது. பிற நிறுவனங்கள் யாவும் அதனைப் பின்பற்றத் தலைப்பட்டன. போருக்குப் பின் அது 650 சி.சி. அளவுக்கு வளர்ந்தது. 1956-இல் ஜானி ஆலன் என்பவர் அமெரிக்காவின் பான்வில் உப்புவெளியில், டிரையம்ப் இயந்திரம் பொருத்திய நீண்ட கூண்டு வண்டியில் மணிக்கு 214 மைல் விரைவில் சென்றார். 1959-ஆம் ஆண்டு மாடலாக வந்த டிரையம்ப் பான்வில் அந்த உப்புவெளியின் பெயரைத் தாங்கியதே. இரண்டு கார்புரேட்டர்களோடு 46 குதிரைத்திறன் தந்தது அவ்வியந்திரம். நம் தெருக்களில் ஓடும் கப்சாய் வண்டிகளை மட்டுமே அறிந்த மாணவர்கள், அவற்றைப் போல் நான்கைந்து மடங்கு ஆற்றலை மனத்திற் கொண்டால் போதும்.

ஆனால், டிரையம்பின் சட்டகம் இயந்திரத்துக்கு ஈடாக வளரவில்லை. 1954 வரை அதன் பின்சக்கரத்துக்குச் சரியான கவை அமைப்பே கிடையாது; சக்கரத்தின் குடத்துக்குள் சுருள்வில்லை அடக்கிச் சமாளித்தனர். பின்னர் வந்த கவை அமைப்பும் மிகு விரைவில் நெளிந்தது. எனவே, ஓடத் தெரிந்த நிறுவனம் ஒன்று, திரும்பத் தெரிந்த நிறுவனம் மற்றொன்று என்னும் நிலை இருந்தது. இரண்டையும் சேர்த்தால் என்ன என்று எண்ணியவர் தனி ஒருவர் அல்லர். பல ஊர்களில் பலர் எண்ணினர்.

அவர்களுக்குச் சட்டகம் கிடைத்த வழி விந்தையானது. அக்காலத்தில் 500 சி.சி. மோட்டார் சைக்கிள் இயந்திரத்தைக் கொண்டு ஓடும் சிறு பந்தயக் கார்கள் பெரிதும் பரவியிருந்தன. கூப்பர் நிறுவனத்தின் கார்கள் அவற்றுள் புகழ்பெற்றவை. அவற்றுக்கு மிகவும் உகந்தது நார்ட்டன் மேங்க்ஸ் இயந்திரம். ஆனால், இயந்திரத்தைத் தனியே விற்க நார்ட்டன் இசையவில்லை. ஆகவே, கார்க்காரர்கள் முழு மோட்டார் சைக்கிளையே வாங்கி, இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டு எஞ்சியதை ஒதுக்கினர். உலகின் தலைசிறந்த சட்டகம் உயிரற்ற கூடாய்ப் பட்டறை மூலையில் கிடந்தது. அக்கூட்டுக்கு உயிர் கொடுத்தவை டிரையம்ப் இயந்திரங்கள். பின்னாளில் அவ்வழி அருகியபோது, மோதிச் சேதமுற்ற டாமினேட்டர் வண்டிகளிலிருந்து சட்டகம் கிடைத்தது.

கூட்டிச் சேர்ப்பது எளிய செயலன்று. இதனை விரித்துரைக்க வேண்டும். ஏனெனில், இந்த இளைஞர்களின் கல்வி இதில்தான் அடங்கியிருக்கிறது. நார்ட்டன் சட்டகத்திலுள்ள துளைகள் டிரையம்ப் இயந்திரத்தின் துளைகளோடு பொருந்தா. இடையே தகடுகள் வேண்டும். அட்டையில் படிவம் வெட்டிப் பார்த்து, அதனை அலுமினியக் கலவைத் தகட்டின் மேல் வரைந்து, வாளால் அறுத்து, அரத்தால் அராவி, துளையிட்டுத் தகடு செய்தனர். இயந்திரத்தை முன்னே தள்ளினால் முன்சக்கரம் தரையை நன்கு பற்றும். அளவுக்கு மீறித் தள்ளினாலோ, சாலைப் பள்ளத்தில் சக்கரம் எழும்போது புகைக்குழாயில் இடிக்கும். இயந்திரத்தின் பல்சக்கரம், கிளச்சு, கியர் பெட்டி, பின்சக்கரம் ஆகியவற்றை இணைக்கும் இரு சங்கிலிகளும் வளையாது நேர்க்கோட்டில் ஓடவேண்டும். சிறிது பிசகினாலும் சங்கிலி விரைவில் தேயும். அறுந்து பின்சக்கரத்தைப் பூட்டிவிட்டால் ஓட்டுபவன் நிலை என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1962 வரை டிரையம்பின் 650 சி.சி. வண்டிகளில் இயந்திரமும் கியர் பெட்டியும் வெவ்வேறாக இருந்தமையால் இந்த வேலைக்கு அவையே விரும்பப்பட்டன.

அதனினும் நுட்பமானது அதிர்வு. டர்னரின் இயந்திரத்தில் இரண்டு பிஸ்டன்களும் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்கும். அவ்வாட்டத்தை ஈடுசெய்யக் கிராங்குத் தண்டில் எதிர் எடை வைத்திருப்பர். எடையை மிகுத்தால் மேல்கீழ் ஆட்டம் குறையும். முன்பின் ஆட்டம் மிகும். முற்றிலும் ஒழிக்க இயலாது. எந்தத் திசையில் எவ்வளவு என்று பங்கிடத்தான் இயலும். டிரையம்ப் சட்டகத்துக்கென்று செய்த பங்கீடு நார்ட்டன் சட்டகத்துக்கு ஒவ்வாது. ஆகவே, கருத்துள்ளவர்கள் கிராங்குத் தண்டை மீண்டும் எடைபார்த்துச் சமன் செய்தனர். இயந்திரத்தின் உச்சியைச் சட்டகத்தோடு பிணைக்கும் சிறு இரும்புக் கட்டை மறந்தவர்களுக்குத் தகடுகள் வெடித்தன. நம் பள்ளிகளில் கைத்தொழிற் பாடத்தை ஏட்டுப் பாடத்துக்கு ஒருபடி கீழாக எண்ணும் வழக்கம் உண்டு. இயற்பியல், கணக்கு, உலோகவியல் மூன்றையும் ஒரு தகட்டில் கற்ற இவர்களைப் பற்றிப் படித்தபோது அவ்வழக்கத்தின் மேல் எனக்கு இருந்த ஐயம் வலுப்பட்டது.

இவர்கள் யாவர்? பெரும்பாலோர் தொழிற்சாலைகளிலும் பட்டறைகளிலும் கூலி வேலை செய்த பதினெட்டு, இருபது வயதினர். 1958-இல் தவணை முறைக் கொள்முதலுக்கு இருந்த கட்டுப்பாடு தளர்ந்தது. கையில் முதன்முதலாகச் சிறிது பணமும் புழங்கியது. இலண்டன் வடக்கு வட்டச் சாலையில் 1938-இல் தொடங்கி, போரில் குண்டுவீச்சுக்கு இரையாகி, 1949-இல் மீண்டும் எழுந்த ஏஸ் கஃபே என்னும் உணவகம் இரவெல்லாம் திறந்திருந்தது. அங்கே கூடினர், தேநீர் அருந்தினர், இசைத்தட்டுக் கேட்டனர், வெளியே நிறுத்திய வண்டிகளை ஒப்பிட்டனர். மணிக்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர், என்னும் எல்லையைத் தொடுவதே அவர்களின் கனவு. ஓர் இசைத்தட்டைச் சுழலவிட்டு அது முடிவதற்குள் குறித்த இடம்வரை சென்று திரும்புவர் என்னும் கதையும் உண்டு. அதிற் பெரும்பகுதி மிகை என்றே கருதுகிறேன். ஆனால், கஃபே ரேசர் என்னும் பெயர் இத்தகைய கூட்டங்களிலிருந்தே பிறந்தது. அத்தகைய வண்டிகளுள் டிரைட்டனுக்கே முதலிடம். தாழ்ந்த கைப்பிடி, பின்னுக்குத் தள்ளிய மிதிகள், நீண்ட அலுமினியப் பெட்ரோல் தொட்டி, ஒருவர் மட்டும் குந்தும் இருக்கை என்பன அதன் தோற்றம்.

மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. தலைக்கவசம் கட்டாயமற்ற காலம் அது. அச்சட்டம் 1973-இல்தான் வந்தது. 1959-இல் திறக்கப்பட்ட எம்.1 நெடுஞ்சாலையில் தொடக்கத்தில் வேக வரம்பே இல்லை. பல இளைஞர்கள் மாண்டனர். செய்தித்தாள்கள் அவர்களைத் தறுதலைகள் என்று எழுதின. 1961-இல் பழகுநர்கள் 250 சி.சி.க்கு மேற்பட்ட வண்டியை ஓட்டக்கூடாது என்று சட்டம் வந்தது. 1964-இல் கிளாக்டன், மார்கேட், பிரைட்டன் முதலிய கடற்கரை ஊர்களில் ஸ்கூட்டர் ஓட்டிய மற்றொரு கூட்டத்தோடு நடந்த மோதல்கள் அவர்களின் பெயரை மேலும் கெடுத்தன. ஊரே வெறுத்தபோது அவர்களை நாடிச் சென்றவர் பில் ஷெர்கோல்டு என்னும் பாதிரியார். அவர் தாமும் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர். 1962-இல் ஏஸ் கஃபேக்குச் சென்று அவ்விளைஞர்களை அழைத்து, ஹாக்னி விக் பகுதியில் 1959-இல் தோன்றிய தம் இளைஞர் மன்றத்தில் அவர்களுக்கென ஒரு பிரிவைத் தொடங்கினார். திருத்த முற்படுமுன் சேர்த்துக்கொண்டார் அவர். ஆசிரியர்கள் இவரைப் பற்றி அறிந்திருப்பது நன்று.

அந்த வண்டியின் தகுதிக்குப் பந்தய மேடையிலும் சான்று கிடைத்தது. டிரெஸ்டா என்னும் சிறு பட்டறையை நடத்திய டேவ் டீகன்ஸ், தாம் கட்டிய டிரைட்டனில் ரெக்ஸ் புச்சருடன் மாறி மாறி ஓட்டி, 1965-இல் பார்சிலோனா 24 மணி நேரப் பந்தயத்தை வென்றார். ஒரு பகலும் ஓர் இரவும் உடையாது ஓடிய பின் அதனைத் தறுதலைகளின் விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்க முடியவில்லை.

பின்னர் காலம் மாறிற்று. 1965-இன் இறுதியில் நெடுஞ்சாலைகளுக்கு 70 மைல் வரம்பு வந்தது. 1969-இல் ஏஸ் கஃபே மூடப்பட்டது. அதே ஆண்டு வெளிவந்த ஜப்பானின் ஹோண்டா 750, நான்கு சிலிண்டர்களோடும் மின்விசைத் தொடக்கியோடும் எண்ணெய்க் கசிவின்றி வந்து நின்றது. முழங்கையளவு கரிபடிந்து ஈராண்டு உழைத்துப் பெற்ற விரைவைக் கடையில் பணம் கொடுத்தே பெறலாம் என்றாயிற்று. நார்ட்டன் கைமாறிக் கைமாறி 1970-களில் ஓய்ந்தது. டிரையம்பின் மெரிடன் தொழிற்சாலையைத் தொழிலாளர் கூட்டுறவு 1975 முதல் நடத்தியும் 1983-இல் அது மூடப்பட்டது.

பெற்ற இரு தாயரும் மறைந்த பிள்ளையாயிற்று டிரைட்டன். இருந்தும் அது சாலையை விட்டு மறையவில்லை. உரிமையாளர் சங்கங்களும் சிறு கடைசல் பட்டறைகளும் உதிரி உறுப்புகளைத் தாமே செய்யத் தொடங்கின. இன்று சட்டகம் முதல் சிலிண்டர்வரை புதிதாகச் செய்த உறுப்புகளைக் கொண்டே ஒரு டிரைட்டனைக் கட்டிவிட இயலும். பழைய வண்டியைச் சாலையில் ஓட்டி வருவதோ வேறு வகை உழைப்பு.

டிரையம்ப் இயந்திரத்தில் எண்ணெயை வடிகட்டக் கம்பிவலை மட்டுமே உண்டு. எஞ்சும் அழுக்கைப் பிடிக்கக் கிராங்குத் தண்டின் உள்ளே ஒரு குழாய் ஒளிந்திருக்கிறது. தண்டு சுழலும் வேகத்தில் கசடு அக்குழாயின் சுவரில் ஒதுங்கிப் படியும். ஆண்டுகள் செல்லச் செல்லக் குழாய் அடைபட்டு, கனெக்டிங் ராடின் பேரிங்குக்கு எண்ணெய் செல்லாது நின்றுவிடும். வெளியே எந்த அறிகுறியும் தோன்றாது. ஒரு நாள் ராடு உடைந்து இயந்திரத்தின் பக்கச் சுவரைப் பிளந்துகொண்டு வரும். ஆகவே, முன்பின் அறியாத இயந்திரம் கைக்கு வந்தால், மேலே எத்துணைப் பளபளப்பு இருப்பினும், தண்டைப் பிரித்து அக்குழாயைத் துப்புரவு செய்யாமல் ஓட்டலாகாது என்பது பட்டறைகளின் முதல் விதி. எண்ணெய் இறைப்பானில் சிறு குண்டு ஒன்று அடைப்பாக நிற்கும். அதன் கீழ் ஒரு துகள் சிக்கினாலும் வண்டி நிற்கும்போதே தொட்டியிலுள்ள எண்ணெய் முழுதும் இயந்திரத்தின் அடியில் வடிந்துவிடும். லூக்காஸ் மேக்னெட்டோ குளிர்ந்த நிலையில் நன்றாகத் தீப்பொறி தந்து, சூடேறிய பின் மறுப்பதுண்டு. உள்ளிருக்கும் பழைய கண்டென்சரே பெரும்பாலும் குற்றவாளி. மரைகள் விட்வொர்த், பிரிட்டிஷ் சைக்கிள் முதலிய பழைய அளவுகளில் அமைந்தவை. மில்லிமீட்டர் ஸ்பேனரைக் கொண்டு முறுக்கினால் நட்டின் முனைகள் மழுங்கும்.

காலமாற்றம் தந்த இடர்களும் உள. 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஈயம் கலந்த பெட்ரோல் பிரிட்டனின் பொது விற்பனையிலிருந்து நீங்கியது. ஈயம் தந்த காப்பு இல்லாமையால் வால்வு அமரும் வளையங்களைக் கடினமான உலோகத்தில் மாற்ற வேண்டியதாயிற்று. 2021 செப்டம்பரில் பத்து விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வழக்குக்கு வந்தது. பழைய கண்ணாடியிழைத் தொட்டிகளின் பிசினை எத்தனால் இளக்கி, அக்குழம்பைக் கார்புரேட்டரின் நுண்துளைகளில் கொண்டுபோய்ச் சேர்க்கும். பழைய பிரேக் பட்டைகளில் கல்நார் இருக்கக்கூடும். அதன் தூசியை வாயால் ஊதுவதும் காற்றுக்குழாயால் அடிப்பதும் நுரையீரலுக்குக் கேடு. முந்தைய தலைமுறை அறியாது செய்ததை இன்றைய பட்டறை ஈரத்துணியால் துடைத்துச் செய்கிறது.

இவ்வரலாற்றின் கிளையொன்று தமிழ்நாட்டிலும் வந்து நிற்கிறது. 1911-இல் மதுரையில் டி. வி. சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய தொழிற்குழுமத்தின் வழிவந்த டி.வி.எஸ். மோட்டார், 2020 ஏப்ரலில் நார்ட்டனின் பெயரையும் தொழிலையும் 1 கோடியே 60 இலட்சம் பவுண்டுக்கு வாங்கிற்று. 1955 முதல் சென்னையில் வேரூன்றிய என்ஃபீல்டு நிறுவனம், இங்கிலாந்தில் கஃபே ரேசர் சட்டகங்களுக்குப் பெயர்போன ஹாரிஸ் பட்டறையை 2015-இல் வாங்கியது. 2018-இல் கான்டினென்டல் ஜி.டி. 650 என்னும் இரட்டைச் சிலிண்டர் வண்டியை வெளியிட்டது. குழாய்ச் சட்டகமும் தாழ்ந்த கைப்பிடியும் பின்தள்ளிய மிதிகளும் அதற்கு உண்டு. இரு பிஸ்டன்களும் ஒருசேர ஏறாதபடி கிராங்கு அமைந்து, அதிர்வைத் தணிக்கத் தனித் தண்டும் சுழல்கிறது. பழைய டிரைட்டன்காரர் தகடு வெட்டிப் பெற்றதைச் சென்னைத் தொழிற்சாலை பெட்டியிலிட்டு விற்கிறது.

டிரைட்டனைப் பற்றிய வழக்கொன்று இன்றும் தீர்ந்தபாடில்லை. அரசுப் பதிவேட்டில் பெரும்பாலான டிரைட்டன்கள் நார்ட்டன் என்றே எழுதப்பட்டிருக்கும். சட்டகத்தின் எண்ணே வண்டியின் அடையாளம். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபடியே அமைந்த நார்ட்டனுக்கும் டிரையம்புக்கும் மதிப்பு உயர்ந்ததால், பழைய டிரைட்டனைப் பிரித்து, சட்டகத்துக்கு நார்ட்டன் இயந்திரத்தைத் தேடிச் சேர்த்து, மூலவடிவுக்கு மீட்டோம் என்று கூறுவோர் தோன்றியுள்ளனர். நல்ல நார்ட்டனை அன்று சிதைத்தது பிழை. அதனை நேர்செய்கிறோம் என்பது அவர்கள் வாதம். நான் அதற்கு உடன்படேன். 1960-இல் ஒரு கடைசல் தொழிலாளி தன் கையால் வெட்டிய தகட்டுக்கு அறுபது ஆண்டைத் தாண்டிய வயது ஆகிவிட்டது. நார்ட்டன் தொழிற்சாலையின் கணக்கேடுகள் அத்தொழிலாளியின் பெயரைச் சொல்லா. அரத்தின் கோடுகள் பதிந்த அந்தத் தகடு ஒன்றே அவனைப் பற்றி எஞ்சியுள்ள ஆவணம். பிரிக்கும் பட்டறையில் அது பழைய அலுமினியத்தோடு எடைக்குப் போய்விடுகிறது.

ஏஸ் கஃபே 2001-இல் அதே இடத்தில் மீண்டும் திறக்கப்பட்டது. அதன் முற்றத்தில் வந்து நிற்கும் டிரைட்டன்களுள் இரண்டு ஒரேமாதிரி இருப்பதில்லை. தகடுகளின் வடிவமும், தொட்டியின் நீளமும், சங்கிலி மூடியின் வெட்டும் ஒவ்வொன்றிலும் வேறு.